உள்ளங்கையில் ஏறிய மஞ்சள்

ஐந்து வருடங்களுக்கு முன்னால், ஒரு தை மாதத்தில் நடந்தது இது. நன்னிலத்தை ஒட்டிய எங்கள் ஊரில் சம்பாக் கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. அறுக்கத்தான் ஆள் இல்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கட்டுப்படியாகாது என்றார்கள் நிலக்காரர்கள். பேச்சுவார்த்தை என்பார்கள், முறிந்துவிட்டது என்பார்கள், மறுபடியும் பேச்சுவார்த்தை என்பார்கள். நில உச்சவரம்புச் சட்டத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேசாத டீக்கடை அப்போது எங்கள் பக்கத்தில் கிடையாது. எங்களுக்கு இருந்த நிலம் ஒரு வேலிக்கும் குறைவு, ஆறு ஏக்கர் இருக்கும். பெரிய மிராசு ஒன்றும் இல்லை. ஆனாலும் தகராறு என்று வந்துவிட்டால் நாங்களும் நிலக்காரர்கள் கணக்கில்தானே சேர்த்தி.

அப்போது என் மகளுக்கு இரண்டு வயது. நான் கும்பகோணத்தில் பிறந்து, எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து, இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எதைச் செய்தாலும், செய்தது சரிதானா என்று பின்னால் உட்கார்ந்து யோசிக்கும் சுபாவம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. பிள்ளை பிறந்த பிறகு அது இன்னும் முற்றிவிட்டது. தும்மினால் பயம், தும்மாமல் இருந்தாலும் பயம்.

வேலைநிறுத்தத்தால் வீட்டில் பல வழக்கங்கள் மாறிப்போயின. மாடு கறக்க ஆள் வரவில்லை. என் கணவர் செம்பை எடுத்துக்கொண்டு தானே உட்கார்ந்தார். மாடு அவரை ஒரு உதை உதைத்து, பாதிப் பாலைக் கவிழ்த்துவிட்டது. மிச்சம் வந்தது காபிக்கே போதவில்லை. முட்டை கொண்டுவருகிற அம்மாளும் வரவில்லை. புது நெல் வயலிலேயே நின்றதால், குதிரின் அடியில் கிடந்த பழைய நெல்லை அவித்துக் குத்திச் சாப்பிட்டோம். ஈரம் பட்ட நெல். சோறு பழுப்பேறித்தான் இருக்கும்.

கொல்லையில் கிணற்றடியில் ஒரு பப்பாளி மரம். யாரும் நட்டதில்லை, காக்கை போட்ட விதை. குளிக்கிற தண்ணீரைக் குடித்து வளர்ந்து, அந்த வருடம் கழுத்து நிறையக் காய்த்திருந்தது. உள்ளே நல்ல சிவப்பு. அந்த ஊரில் அதை ஒரு பழமாக யாரும் மதித்ததில்லை. காக்கையும் அணிலும் தின்றது போக மீதி தானே விழும். ஆனால் பள்ளிக்கூடத்தில் மனையியல் டீச்சர், பழங்கள் உடம்பைக் காக்கும் உணவு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பாலும் முட்டையும் இல்லாத குறையைப் பழத்தால் ஈடுகட்டிவிடலாம் என்று நினைத்தேன். காலையில் பப்பாளி, மதியம் பப்பாளி, அழுதால் பப்பாளி. பொங்கலுக்கு வாங்கிய பரங்கிக்காய் வேறு மூலையில் அடுக்கிக் கிடந்தது. அதையும் மசித்துக் கொடுத்தேன்.

குழந்தைக்கும் அது பிடித்துப்போய்விட்டது. கிணற்றடியைக் காட்டி "பப்பா, பப்பா" என்பாள். தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று என் கணவர் பூரித்துக்கொண்டு ஓடி வருவார்.

தை பிறந்து சில நாள் கழித்து, குழந்தையைக் குளிப்பாட்டும்போதுதான் அதைக் கவனித்தேன். பாதம் மஞ்சளாக இருந்தது. நான் மஞ்சள் பூசிக் குளிக்கிறவள். என் கையிலிருந்துதான் ஒட்டிக்கொண்டது என்று எண்ணிப் பயத்தமாவு போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். அதுவும் மஞ்சள். மூக்கு நுனியும் மஞ்சள். குழந்தையை ஈரத்தோடு தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினேன்.

அடுத்த தெருவில்தான் என் கணவரின் அக்கா இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மாமியார் இல்லாத வீட்டில், என் கணவரை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அவர் சொல்லுக்கு மறு சொல் எங்கள் வீட்டில் கிடையாது. குழந்தையின் உள்ளங்கையைப் பார்த்ததும் அண்ணி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மூத்த பிள்ளை காமாலையில் போனவன் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. அன்றும் பேசவில்லை.

"பயப்படாத. முதல்ல சோறு போட்டுப் பாப்போம்" என்று எழுந்தார்.

எங்கள் பக்கத்தில் காமாலையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சிறுநீரில் நாலு சோற்றுப் பருக்கையைப் போட்டு வைத்து, பிறகு எடுத்துக் கழுவிப் பார்ப்பார்கள். சோறு மஞ்சளாகியிருந்தால் காமாலை. ஒரு கொட்டாங்கச்சியில் பிடித்து, எங்கள் வீட்டுச் சோற்றையே கொண்டுவந்து போட்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தோம். மஞ்சள்தான். சந்தேகமே இல்லை.

அன்றிலிருந்து பத்தியம் தொடங்கியது. உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, பருப்பு கூடாது, பால் கூடாது. கீழாநெல்லியை அரைத்து நீர் மோரில் கலக்கிக் காலையில் ஒரு சங்கு. அப்புறம் கஞ்சி. வேறென்ன கொடுக்கலாம் என்று கேட்டேன். "பழம் குடு, ஒண்ணும் பண்ணாது. பரங்கிக்காய அவிச்சுக் குடு" என்றார் அண்ணி. குழந்தையும் கீழாநெல்லியைத் துப்பிவிட்டு "பப்பா" என்று அழுதது. கொடுத்தேன். முன்னைவிட இன்னும் அதிகமாகக் கொடுத்தேன். கஞ்சி குடிக்க மறுக்கிற பிள்ளை பழமாவது சாப்பிடுகிறதே என்று எனக்கு ஒரு ஆறுதல்.

மஞ்சள் குறையவில்லை, ஏறியது. உதட்டைச் சுற்றி, காது மடலில்கூடத் தெரிய ஆரம்பித்தது. பத்தியத்தில் குழந்தை வேறு இளைத்துவிட்டாள். பார்க்க வந்தவர்களெல்லாம் உச்சுக்கொட்டினார்கள்.

"ஒரு தடவை ஆஸ்பத்திரில காட்டிடலாங்களா?" என்று என் கணவரைக் கேட்டேன்.

"காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து ஏது? அக்கா பாத்துக்கிட்டுதானே இருக்கு" என்றார். அவருக்கும் பயம்தான். ராத்திரியெல்லாம் குழந்தையின் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். ஆனால், பிள்ளையைப் பறிகொடுத்த அக்காவிடம், உனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? எனக்கும் அதே தயக்கம்தான். நான் படித்தது மனையியல். அவர் பட்டது அனுபவம்.

கடைசியில் அண்ணி ஒரு முடிவுக்கு வந்தார். "இது உள்ள இறங்கிடுச்சு. இனிமே சுட்டாத்தான் போவும்."

ஆற்றுக்கு அக்கரையில் ஒருவர் காமாலைக்குச் சூடு போடுவார். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மணிக்கட்டில் ஒரு இழுப்பு. செவ்வாய்க்கிழமைதான் போடுவார். பெரியவர்களுக்கே நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கேள்வி. நான் என் மகளின் மணிக்கட்டைப் பார்த்தேன். என் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும். "சின்னப் புள்ளையாச்சே அண்ணி" என்று மட்டும் சொன்னேன். "அவனுக்கு நான் சுடல. பாவம்னு விட்டுட்டேன்" என்றார் அண்ணி. மூத்த பிள்ளையைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை காலை வண்டி கட்டினோம். வண்டிக்காரர் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் என் கணவரே ஓட்டினார். மாடு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் என்று வண்டி ஆடிக்கொண்டு போனது. அண்ணி ஒரு துணியில் விபூதியும், சுட்ட இடத்தில் போட வெண்ணெயும் முடிந்து வைத்திருந்தார். குழந்தைக்கு வண்டியில் போவது சந்தோஷம். மஞ்சள் கையைத் தட்டிக்கொண்டு வந்தாள். சூடு போட்ட அடுத்த நிமிடம் இவள் முகம் எப்படி இருக்கும், என்னை எப்படிப் பார்ப்பாள் என்றே என் நினைப்பெல்லாம்.

நன்னிலத்துக் கடைத்தெருவைத் தாண்டித்தான் ஆற்றுப் பாலத்துக்குப் போக வேண்டும். கடைத்தெரு முனைக்கு வந்தபோது வண்டி நின்றுவிட்டது. சாலை முழுக்கச் செங்கொடி. தாலுக்கா ஆபீசுக்கு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. ஆணும் பெண்ணுமாகச் சாலையை அடைத்துக்கொண்டு கோஷம் போட்டுப் போனார்கள். என் கணவர் தோளில் எப்போதும் கறுப்பு சிவப்புக் கரைத் துண்டு இருக்கும். அதை மெல்ல எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "சும்மா இருங்க, தலைய வெளில நீட்டாதீங்க" என்று எங்களுக்கும் சொன்னார்.

மறைந்துகொள்ள முடியவில்லை. ஊர்வலத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள்தான். அதில் ஒருவர் விலகி எங்கள் வண்டியை நோக்கி வந்தார். எங்கள் வயலில் பல வருடமாக அறுத்தவர். களத்தில் என் மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு வைக்கோல் போரைச் சுற்றி வருவார். வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து அவரும் என் கணவரும் எதிரெதிரே வந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். அன்றும் அவர் என் கணவரைப் பார்க்கவில்லை. நேரே வண்டியின் பின்பக்கம் வந்து, கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். அவரைக் கண்டதும் குழந்தை இரண்டு கையையும் நீட்டியது. அந்தக் கையின் நிறத்தைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார்.

"புள்ளைக்கு என்னங்கம்மா?"

"உடம்பு சரியில்லைங்க."

"ஆஸ்பத்திரிக்கா?"

அவர் வேறு எதையும் நினைத்துக் கேட்கவில்லை. நோயாளிப் பிள்ளையோடு டவுனுக்கு வண்டி வந்தால் வேறெங்கே போகும் என்ற எண்ணம்தான். அண்ணி பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"ஆமாங்க."

எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அண்ணி இருக்கும்போது அவருக்கு முந்திக்கொண்டு நான் பேசியது அதுதான் முதல் தடவை.

அடுத்து நடந்தது என் கையில் இல்லை. அவர் முன்னால் போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஏய், வழி விடுங்கப்பா. புள்ளைக்கு முடியல, ஆஸ்பத்திரிக்குப் போவுது" என்று குரல் கொடுத்தார். கோஷம் நின்றது. கொடிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கின. "தள்ளு, தள்ளு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வழிவிட்டார்கள். ஒரு பெண் வண்டியோடு கூடவே நடந்துவந்து, வெயில் படாமல் குழந்தைக்குத் தன் முந்தானையைப் பிடித்தாள். பாலத்துக்குப் போகிற சாலையை விட்டு, ஆஸ்பத்திரிச் சந்துக்குள் வண்டி திரும்பியது.

"என்ன சொன்ன நீ?" என்று அண்ணி என் காதருகே கேட்டார். அத்தனை பேருக்கு நடுவில் அவராலும் வண்டியைத் திருப்பச் சொல்ல முடியவில்லை. என் கணவர் கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டு, இழுத்த இழுப்புக்குப் போகிற மாட்டைப் போலவே உட்கார்ந்திருந்தார். வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு அந்த மனிதர் ஊர்வலத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டார்.

டாக்டர் ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். குழந்தையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முதலில் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு உள்ளங்கை, பாதம், மூக்கு. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மறுபடியும் கண்ணைப் பார்த்தார். காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா, மலம் வெளுத்துப் போகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"காமாலைன்னு யார் சொன்னா?"

"சோறு போட்டுப் பாத்தோங்க. மஞ்சளாச்சு."

"போடறதுக்கு முன்னாடி சோறு என்ன நிறம்?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி தரையைப் பார்த்தார். குதிரின் அடி நெல். வடிக்கும்போதே பழுப்பாக இருந்த சோறு. அதைப் போடுவதற்கு முன்னால் ஒரு பருக்கையைத் தனியே எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

"இவ தினம் என்ன சாப்பிடறா?" என்று கேட்டார் டாக்டர். நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. காலையில் பப்பாளி என்றேன். மதியம் பப்பாளி என்றேன். பரங்கிக்காய் என்றபோது அடக்கமாட்டாமல் சிரித்தே விட்டார்.

"இது காமாலை இல்லம்மா. அந்தப் பழத்து நிறம். பப்பாளியிலயும் பரங்கிக்காயிலயும் ஒரு சத்து இருக்கு. அளவுக்கு மேல உள்ள போனா தோல்ல போய்த் தங்கிடும். காமாலைன்னா கண்ணு மஞ்சளாயிருக்கணும். வந்து பாருங்க."

ஜன்னலோரம் போய்ப் பார்த்தேன். என் மகளின் கண், தும்பைப் பூ மாதிரி அப்படி ஒரு வெள்ளை. அத்தனை நாளும் உள்ளங்கையையும் பாதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், அந்தக் கண்ணை ஒரு தடவை சரியாகப் பார்க்கவில்லை.

அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. "நிஜமாவே இல்லீங்களா? நல்லாத் தெரியுங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் வாங்கிச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். அதற்காக நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்த நேரம் என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம். அண்ணி மடியில் அந்த வெண்ணெய் முடிச்சு இருந்தது. வெயிலுக்கு உருகித் துணியெல்லாம் எண்ணெயாகிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

சோதனையிலும் ஒன்றும் இல்லை. டாக்டர் மறுபடி கூப்பிட்டுச் சொன்னபோது அண்ணிதான் முதலில் அழுதார். சத்தமே இல்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுகூட நான் கேட்ட கேள்வி, "அப்ப பழமே குடுக்கக் கூடாதுங்களா?" என்பதுதான்.

"ஏன் குடுக்கக் கூடாது? நல்லாக் குடுங்க. பழம் நல்லதுதான். ஆனா இவ வயிறு எவ்வளவு? இத்தனூண்டு. அதைப் பழத்தாலயே ரொப்பிட்டா பருப்பு எங்க போவும், முட்டை எங்க போவும்? பழம் பக்கத்துல இருக்கட்டும். இலையே அதுவா இருக்கக் கூடாது" என்றார். உப்பும் எண்ணெயும் இல்லாத பத்தியத்தை அன்றே நிறுத்தச் சொன்னார். பப்பாளியையும் பரங்கிக்காயையும் கொஞ்ச நாளைக்குக் குறைத்துவிட்டால் மஞ்சள் தானாகப் போய்விடும், மருந்தே வேண்டாம் என்றார். டாக்டர் ஒருவர் மருந்தே வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வெளியே வந்தால், வேப்ப மரத்தடியில் அந்த மனிதர் நின்றிருந்தார். ஊர்வலத்தைத் தாலுக்கா ஆபீஸ் வாசலில் விட்டுவிட்டு விசாரிக்க வந்திருக்கிறார்.

"என்ன சொன்னாங்க?" என்று இந்தத் தடவை என் கணவரையே கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா. பப்பாளிப் பழம் தின்னு மஞ்சளாயிடுச்சாம்."

அவர் ஒரு கணம் நம்பாமல் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "பழம் தின்னா இப்படியும் ஆவுமா? நல்லவேளை, எங்க புள்ளைங்களுக்கு அந்த பயமில்ல. எங்க வூட்டுல கஞ்சியும் நண்டுந்தான். அதுல ஒரு நெறமும் ஏறாது."

என் கணவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பேச்சின் மறுபாதி அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மெதுவாகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "தாலுக்கா ஆபீஸ்ல என்ன ஆச்சு?" என்று கேட்டார். வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து அவரிடம் என் கணவர் கேட்ட முதல் கேள்வி அது. இரண்டு பேரும் மரத்தடியில் நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். சண்டை போடுவது மாதிரியும் இருந்தது, சமாதானம் பேசுவது மாதிரியும் இருந்தது. நான் குழந்தையின் கண்ணையே பார்த்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணி முதல் வேலையாகப் பருப்பை வேகவைத்தார். அந்த வெண்ணெய் முடிச்சில் மிச்சம் இருந்ததை உருக்கி, உப்புப் போட்டுப் பிசைந்து ஊட்டினார். குழந்தை சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து எங்களுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அண்ணி ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். முந்திக்கொண்டு பேசியதற்குத் திட்டுவார் என்றுகூட நினைத்தேன். கை கழுவும்போது, "நீ ஆமான்னு சொன்னியே, அது நல்லதாப் போச்சு" என்றார். அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் இரண்டு பக்கமும் கொஞ்சம் இறங்கி வந்து கூலி முடிவாகியது. அறுப்பு தொடங்கியது. ஊர்வலத்தில் எங்களுக்கு வழி வாங்கிக் கொடுத்த அந்த மனிதரும் மனைவியோடு அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் மனைவியிடம் பப்பாளிப் பழங்களை எடுத்துப்போகச் சொன்னேன். "ரெண்டு போதுங்கம்மா. என் புள்ளையும் மஞ்சளாயிட்டா உங்க நாத்தனா சூடு போட இழுத்துக்கிட்டுப் போயிடுவாங்க" என்றாள். கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அண்ணியும் அங்கேதான் இருந்தார். எல்லாரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார்.

இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அந்தப் பப்பாளி மரம் ஒரு புயலில் விழுந்துவிட்டது; வேறொன்றை நானே நட்டிருக்கிறேன். இலையில் சோறு, பருப்பு, கீரை எல்லாம் வைத்த பிறகு ஓரத்தில் ஒரு துண்டு வைக்கிறேன். பயப்படுகிற சுபாவம் என்னை விட்டுப் போகவில்லை. இன்றும் அவளுக்கு உடம்பு லேசாகச் சுட்டால் ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போய்க் கண்ணைப் பார்க்கிறேன். ஆனால் போன பொங்கலுக்கு அண்ணி கண்ணாடி வளையல் வாங்கி வந்து அவளுக்குப் போட்டுவிட்டபோது, ஒரு தழும்பும் இல்லாத அந்த மணிக்கட்டைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்; அன்று கடைத்தெருவில் என்னையும் மீறி என் வாயில் வந்த அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.